காதில் சொன்னால் கேட்காது

என் காதருகே வந்து யாராவது கிசுகிசுத்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறும். நேற்றுக்கூட மருமகள் வந்து, "அத்தை, உங்க கிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "அப்படின்னா சொல்லவே சொல்லாத" என்று விரட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இது எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி. ஒட்டவைத்தது என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மா ஒருவர்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார். "எம்பேர மட்டும் தனியா எதுக்கு எழுதின? ஒரு பேரத் தனியா எடுக்கறதே அத வெட்டறதுக்குத்தான்" என்பார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. கடைசியில் அது உங்களுக்கே தெரியும்.

ஒலக்கூருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டின ஊர். அதில் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். நான் மல்லாட்டையும் கேப்பையும், அதாவது நிலக்கடலையும் கேழ்வரகும், போட்டுப் பிழைத்த குடும்பத்துப் பெண். அந்தம்மா சேரியில் பிறந்த கிறிஸ்தவக் குடும்பம். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து டிரெயினிங் முடித்தவர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே சம்பளம், ஒரே வேலை, ஆனால் தண்ணீர்ப் பானையை நான் தொடலாம், அவர் தொடக்கூடாது. பெரிய வகுப்புப் பையன் ஒருவன் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவான். அவர் கையேந்திக் குடிப்பார். எழுதும்போதே வயிறு எரிகிறது. அந்தப் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததே அந்தம்மாதான்!

அவரிடம் யாரும் ரகசியம் சொல்ல முடியாது. சொன்னால் அதே வார்த்தையை, அதே மூச்சில், ஊருக்கே கேட்கிற குரலில் திருப்பிச் சொல்லிவிடுவார். வகுப்பில் பிள்ளைகள் வந்து, "டீச்சர், இவன் என் பல்பத்தத் திருடிட்டான்" என்று மெல்லச் சொன்னால், "காதுல சொன்னா எனக்குக் கேக்காது. நடுவுல போயி நின்னு சத்தமா சொல்லு. அவன் எதிர்ல சொல்லு" என்பார். பாதிப் புகார் அங்கேயே செத்துவிடும். மீதிப் பாதிக்கு நியாயம் கிடைத்துவிடும்.

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். என் மூத்தவன் வயிற்றில் இருந்த சமயம். மாமியாருக்கே அப்போதுதான் தெரியும். தலைசுற்றல் தாங்காமல், "டீச்சர், உங்க கிட்ட மட்டும் சொல்றேன், முழுகாம இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அடுத்த நொடி அந்தம்மா கதவுப் பக்கம் திரும்பி, "பெரிய வாத்தியாரய்யா! இந்தம்மா முழுகாம இருக்குது! நின்னுக்கினே பாடம் எடுத்தா புள்ளைக்கு ஆவுமா? ஒரு நாற்காலி அனுப்புங்க!" என்று கூவினார். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஈயென்று இளித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பல நாள் நான் அவரோடு பேசவே இல்லை. ஆனால் நாற்காலி வந்தது. அதுவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாருக்கு மட்டும்தான் நாற்காலி.

இனி சம்பளக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அந்தம்மாவைச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் காசிருக்கிற எவரும் ஒரு கட்டடத்தைக் கட்டிப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்கலாம். அவருக்குப் பெயர் மேனேஜர். பிள்ளைகள் இத்தனை பேர், வாத்தியார் இத்தனை பேர் என்று பார்த்து அரசாங்கம் அவர் கையில் கிராண்ட் பணம் தரும். அவர் எங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். எங்கள் மேனேஜர் நெல்லும் மல்லாட்டையுமாக நூற்றுக்கணக்கான காணி வைத்திருந்தவர். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களும் அவருடையவைதான். மல்லாட்டை விலை படுத்துவிட்ட வருஷங்களில், அரசாங்கத்துக்கே பணமுடை என்று கிராண்டில் கொஞ்சம் வெட்டினார்கள். அவர்கள் விரல் நுனியை வெட்டினால் இவர் மணிக்கட்டோடு வெட்டினார். பதினைந்து ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து ரூபாய் தருவார். "தற்காலிகம்தாம்மா, காலம் திரும்பட்டும்" என்பார்.

காலம் திரும்பியது. மல்லாட்டை விலை ஏறியது. கிராண்டில் வெட்டினதை அரசாங்கமே திருப்பிக் கொடுத்தது. யுத்தம் வந்தது, அரிசி விலை ஆனை விலை குதிரை விலை ஆயிற்று. எங்கள் பத்து ரூபாய் பத்தாகவே கிடந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். இதில் எங்களுக்குப் புத்திமதி வேறு! ஆசிரியத் தொழில் புனிதமானது, அதற்குக் கூலி பேசலாமா என்பார். புனிதத்தைக் கொண்டுபோய் உலையில் போட்டால் சோறாகுமா? வாயில் வருகிறது, எழுத முடியவில்லை.

சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் எங்கள் பெரிய வாத்தியாரேதான். நல்ல மனிதர். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற மூன்று பெண்களைப் பெற்றவர். பயம் அவர் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கூட்டத்தைப் பக்கத்து டவுனான திண்டிவனத்தில் போட முடியாது. அங்கே மண்டிக்கு மண்டி மேனேஜரின் ஆட்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரைப் பிடித்து எல்லோரும் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்விடுவோம். நாலு பக்கமும் ரயில் வந்து கூடுகிற இடம். பிளாட்பாரக் கோடியில், கூட்ஸ் ஷெட்டுக்கு அப்பால் ஒரு புங்க மரம். அதன் கீழே உட்கார்ந்தால் பண்டரிபுரம் போகிற கோஷ்டி என்று நினைத்துப் போவார்கள். யார் எங்கே உட்காரலாம் என்று கேட்க அங்கே எவனும் இல்லை. மூன்று பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் அந்தம்மாவோடு வட்டமாக உட்கார்ந்தது அந்த மரத்தடியில்தான்.

கூட்டத்தில் ஒருவர் மனு எழுதலாம் என்றார். ஏற்கெனவே எழுதின மனுக்கள் எந்த அடுப்பில் எரிந்தனவோ. இன்னொருவர் பள்ளிக்கூடத்தைப் பூட்டலாம் என்றார். "பூட்டினா சர்ட்டிபிகேட்டைப் பிடுங்கிடுவான். அப்புறம் எந்த ஜில்லாவுலயும் வேலை கெடைக்காது" என்று பெரிய வாத்தியார் நடுங்கினார். அது உண்மையும்கூட.

அப்போது அந்தம்மா சொன்னார்: "பாடம் நடத்தறத எதுக்கு நிறுத்தணும்? அதுக்குத்தான் சம்பளம். நடத்துவோம். ஆனா இன்ஸ்பெக்சனுக்குப் புள்ளைங்கள வூடு வூடாப் போயி இஸ்துக்கினு வர்றோமே, அதுக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

இது வாத்தியார் பிழைப்பு பார்த்தவர்களுக்குத்தான் புரியும். சாதாரண நாளில் பாதிப் பிள்ளைகள் மாடு மேய்க்கும், மல்லாட்டை பறிக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற தேதி மட்டும் எப்படியோ மேனேஜருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று விடியற்காலையில் நாங்கள் தெருத் தெருவாகப் போவோம். பொரியும் வெல்லமும் கொடுத்துக் கூப்பிடுவோம். தலைக்கு எண்ணெய் தடவி, மூக்கைத் துடைத்து உட்கார வைப்போம். போதாததற்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து இரவல் பிள்ளைகள் வேறு. அந்தத் தலைகளைப் பார்த்துத்தான் கிராண்ட். சேரிப் பிள்ளைகள் வந்தால்தான் கணக்கு நிரம்பும். அந்தம்மா போய் அழைத்தால் மட்டும்தான் சேரித் தாய்மார்கள் அனுப்புவார்கள். மேனேஜர் அவருக்கு வேலை கொடுத்ததே அதற்காகத்தான், தரும சிந்தனையால் இல்லை.

"கிராண்ட் போனா நம்ம பத்து ரூபாயும் போவுமே டீச்சர்" என்றேன் நான்.

"போவும். அவருக்கு அதவிட அதிகமாப் போவும். யாரு வயிறு மொதல்ல கலங்குதுன்னு பாப்போம்" என்றார்.

அது மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டார். என்னைக் கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார், குடும்பத்தை விசாரித்தார், நல்ல பெண்ணாக இருக்கச் சொன்னார். அந்தம்மாவை மட்டும் கூடத்துக்குக் கூப்பிடவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்க வைத்துப் பேசினார். நாங்கள் நாலைந்து பேர் தெருவில் நின்றிருந்தோம்.

அந்தம்மா வெளியே வந்தார். தெருவின் நடுவே நின்றார். களத்து மேட்டுக்குப் போகிற ஆட்கள், கடைக்காரர், எல்லோரும் இருக்கிறார்கள். அதே குரல்: "அய்யா சொல்றாரு, எனக்கு மட்டும் முழுச் சம்பளம் குடுத்துடறாராம்! மத்தவங்களுக்குத் தெரிய வாணாமாம்! புள்ளைங்கள மட்டும் எப்பவும் போல இட்டாந்துடணுமாம்!"

மேனேஜர் வாசலில் வந்து நின்று, "கழுதை! ரகசியமா சொன்னா தெருவுல நின்னு கத்துதே!" என்றார்.

"காதுல சொன்னா எனக்குக் கேக்காதுங்க. பழக்கம் அப்படி" என்றார் அந்தம்மா.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாங்கள் அனைவரும் நேரத்துக்கு வந்திருந்தோம், கரும்பலகையில் பாடம் எழுதியிருந்தோம், சுத்தமாக வேட்டி சேலை கட்டியிருந்தோம். பிள்ளைகள்தான் இல்லை. என் வகுப்பில் ஏழெட்டுத் தலைகள். அந்தம்மா வகுப்பில் இரண்டே இரண்டு. அதில் ஒருத்தி அவர் மகள். மேனேஜருக்கு முகம் பேயறைந்தாற்போல ஆகிவிட்டது. பெரிய வாத்தியார் இன்ஸ்பெக்டர் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஊர்ல காய்ச்சல்னு சொல்றாருங்க. ஒரு காய்ச்சலும் இல்ல. புள்ளைங்க மல்லாட்டைக் கொல்லைல கீது. பதினஞ்சு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிக்கினு பத்து ரூபா தர்றாங்க. அதான் நாங்க கூப்பிடப் போவல."

இன்ஸ்பெக்டருக்கு இது புதுச் செய்தியா? ஜில்லாவில் பல்லி முட்டைக்கும் தெரிந்த செய்தி. அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது உங்களுக்கும் மேனேஜருக்கும் உள்ள விஷயம். நான் அடுத்த மாசம் திரும்ப வருவேன். பிள்ளைகள் இல்லைன்னா கிராண்ட் கட்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். வேலி பயிரை மேய்கிறது என்று காட்டினால், காவல்காரன் கண்ணாடியைத் துடைக்கிறான். அட, நீயும் ஒரு மனுஷனா!

ஆனாலும் மேனேஜரின் வயிறு கலங்கிவிட்டது. அந்த வாரமே பெரிய வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் தனியாகப் போனார். போகாதீர்கள், எல்லோருமாகப் போவோம் என்று அந்தம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் புங்க மரத்தடியில் கூட்டம். பெரிய வாத்தியார் எழுந்து, "நாம ஜெயிச்சிட்டோம். அடுத்த மாசத்துலேருந்து கையெழுத்துப் போட்ட சம்பளம் முழுசாக் கையில வரும். மூணு பள்ளிக்கூடத்துக்கும்" என்றார். அப்படியொரு ஆரவாரம். யாரோ ஓடிப்போய் வடை வாங்கி வந்தார்கள். இரண்டாவது பள்ளி வாத்தியார் ஒருவர் அழுதேவிட்டார். அவர் பெண்டாட்டி தாலியில் மஞ்சள் கயிறுதான் மிச்சம். எனக்கும் கண் நிறைந்தது. பையனுக்குப் பால் வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்போது பெரிய வாத்தியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதருகே குனிந்தார். "உங்க கிட்ட மட்டும் சொல்றேம்மா. ஒரு கண்டிசன் போட்டிருக்காரு. அந்தம்மாவ நிறுத்திடணும். சேரிப் புள்ளைங்கள இனிமே நீங்கதான் அழைச்சிக்கினு வரணும், உங்களுக்கு அதுங்க பழக்கம்தானே. கை தூக்கித் தீர்மானம் முடியற வரைக்கும் மூச்சு விடாதீங்க."

எதிரே அந்தம்மா எல்லோருக்கும் வடை பங்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். வாயைத் திறந்தபோது வந்த குரல் என்னுடையதாகவே இல்லை.

"பெரிய வாத்தியார் சொல்றாரு, அந்தம்மாவ வேலைய வுட்டு நிறுத்தினாத்தான் நம்மளுக்கு முழுச் சம்பளமாம்! கை தூக்கற வரைக்கும் யாருக்கும் தெரிய வாணாமாம்!"

அந்தம்மா கையில் இருந்த வடையைப் பொட்டலத்தில் வைத்தார். "நெசமாய்யா?" என்று கேட்டார்.

பெரிய வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டே, "நானா கேட்டேன்? அவரு வச்ச கண்டிசன். ஒருத்தருக்காகப் பார்த்தா முப்பது குடும்பம் பட்டினி. நீங்களே நெனச்சுப் பாருங்கம்மா" என்றார்.

"நெனச்சுப் பாத்துட்டேன். தீர்மானம் போடுங்க. ஆனா கை தூக்க வாணாம், கை ஊமை. ஒவ்வொருத்தரா எழுந்து என் மூஞ்சியப் பாத்து, 'இந்தம்மா போவட்டும்'னு வாயால சொல்லுங்க. எல்லாரும் சொன்னீங்கன்னா அடுத்த வண்டியிலயே போயிடறேன். மொதல்ல தலைவரு நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்தார். திருச்சிப் பக்கம் போகிற வண்டி அப்போதுதான் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அந்த இரைச்சலில் அவர் உதடு அசைந்தது. அந்தம்மா அசையாமல் நின்றார். கடைசிப் பெட்டி தாண்டும்வரை காத்திருந்தார்.

"வண்டி போயிடுச்சுங்க. எனக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

பெரிய வாத்தியார் மறுபடி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"கேக்கலைங்க."

பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆவலம்மா" என்றார். அது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அடுத்தவர் எழவில்லை. அதற்கடுத்தவரும் எழவில்லை. தாலிக் கயிற்றுக்காரர், "இன்னாத்துக்குப் பேஜாரு? சொல்லமுடியாத ஒண்ண எப்படிப் பண்றது? போங்கய்யா, முழுச் சம்பளமும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்றார். ஜெயித்த காசைக் கையாலேயே ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். பையனுக்குப் பால் போயிற்றே என்று எனக்கு இருக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்?

மறுநாள் மேனேஜருக்கு ஒரே பதில் போனது: பேசுவதென்றால் பள்ளிக்கூடத்தில் வந்து பேசட்டும், எல்லோர் எதிரிலும். கூடமும் வேண்டாம், மாட்டுக் கொட்டகையும் வேண்டாம். "எந்த நாய்க்கு நான் வந்து பதில் சொல்லணும்?" என்று குதித்தாராம். நாட்கள் ஓடின. நாங்கள் பத்து ரூபாயைக்கூட அந்த மாதம் பார்க்கவில்லை. கேப்பைக் கூழும் முருங்கைக் கீரையுமாக ஓட்டினோம். இன்ஸ்பெக்டர் திரும்பி வருகிற நாள் நெருங்கியது. சேரியில் மேனேஜரின் ஆட்கள் போய்ப் பொரியும் வெல்லமும் காட்டிப் பார்த்தார்கள். "டீச்சரு வந்து கூப்டட்டும், அனுப்பறோம்" என்று தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் மேனேஜர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மூன்று பள்ளி வாத்தியார்களும் இருந்தோம். சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சேரிப் பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு நின்றார்கள். உட்கார நாற்காலி போட்டோம். அவர் உட்காரவில்லை. போன வருஷங்களில் வெட்டினதைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது என்றார். அந்தப் பணம் போனது போனதுதான். இன்றுவரை எவனும் திருப்பித் தரவில்லை. எத்தனை குழந்தைகளின் பால் அது, எத்தனை பேரின் மருந்து அது! நினைத்தால் இந்த வயதிலும் ரத்தம் கொதிக்கிறது.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டால் வாயைத் துடைக்கிற சாக்கில் முணுமுணுத்தார்: "சம்பளம் முழுசாத் தந்துடறேன். எல்லாருக்கும். அந்தம்மாவும் இருக்கட்டும்."

எனக்குத் தெளிவாகவே கேட்டது. பக்கத்தில் நின்ற பெரிய வாத்தியாருக்கும் கேட்டிருக்கும். அவர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். மூன்று பெண்களைப் பெற்றவர், பயம் முதுகில் ஏறி உட்கார்ந்தவர், நிமிர்ந்து, "கேக்கலைங்க" என்றார்.

"கேக்கலைங்க" என்றேன் நான். தாலிக் கயிற்றுக்காரர் சொன்னார். சன்னலுக்கு வெளியே பெண்கள் சொன்னார்கள். சுவர் அதிர எல்லோரும் சொன்னோம். மேனேஜர் தலையை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கிற குரலில் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டி வந்தது.

அன்றைக்கு அந்தம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. தண்ணீர்ப் பானையண்டை போய், தன் கையாலேயே மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.